கனடியன் சின்கோப் ரிஸ்க் ஸ்கோர்: எமர்ஜென்சியில் எவ்வளவு நம்பலாம்?

சின்கோப் என்றால் திடீர் மயக்கம்; இந்த ஸ்கோரை 2016-இல் கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த மருத்துவர் வெங்கடேஷ் திருஞானசம்பந்தமூர்த்தி குழு வெளியிட்டது. மயங்கி விழுந்தவருக்கு 30 நாளில் ஆபத்து வருமா என்று ஒன்பது அம்சங்களை வைத்துக் கணிக்கிறது. மதிப்பெண் −3 முதல் 11 வரை. ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் புரதம்) கூடினால் 2, சிஸ்டாலிக் பிரஷர் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 90-க்குக் கீழோ 180-க்கு மேலோ போனால் 2, ஈசிஜியில் கியூடிசி (துடிப்புக்கு ஏற்பத் திருத்திய ‘க்யூடி’ இடைவெளி) 480 மில்லிசெகண்டைத் தாண்டினால் 2. கூட்டமான, புழுக்கமான இடத்தில் நின்று விழுந்திருந்தால் ஒன்று குறையும்.

சறுக்குவது ஒரே இடத்தில்தான். ‘வேசோவேகல் மயக்கம்’ (நரம்பு அனிச்சையால் வரும் சாதாரண மயக்கம்) என்று மருத்துவர் முடிவுசெய்தாலே 2 கழிந்துவிடும். அவசரப்பட்டு டிக் செய்தால் இதயக் கோளாறு உள்ளவரும் லோ ரிஸ்க்காகத் தெரிவார்! ஈசிஜியை நிதானமாகப் படித்த பிறகே அந்தக் கட்டத்தைத் தொடுங்கள்.

வலிப்பு வந்தவர், தலையில் அடிபட்டு நினைவிழந்தவர், ஐந்து நிமிடத்துக்கு மேல் தெளியாதவர் ஆகியோருக்கு இது பொருந்தாது.