குறுஞ்செய்தியா, மாத்திரைப் பெட்டியா?

தேவகோட்டையில் அப்பத்தாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்த பிறகு, மாத்திரையை மறக்காமல் போட எது உதவும் என்று வீட்டில் எழுந்த கேள்வி இது: கைப்பேசிக்கு வரும் நினைவூட்டல் செய்தியா, கிழமைக்கு ஓர் அறை உள்ள பெட்டியா?

செலவு: பெட்டி ஒருமுறை வாங்கினால் போதும். குறுஞ்செய்திக்கும் பெரிய செலவில்லை.

எட்டுவது: செய்தி காலை 8 மணிக்குத் தவறாமல் வருகிறது. ஆனால் கைப்பேசி முகப்பில் சார்ஜில் கிடக்கும்; அப்பத்தா வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இருப்பார். செட்டிநாட்டு வீட்டின் நீளம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வந்த செய்தியோ ஆங்கிலத்தில்! பெட்டியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

சரிபார்ப்பு: "போட்டேனா, இல்லையா?" என்ற குழப்பத்துக்குச் செய்தியில் விடையில்லை. பெட்டியில் திங்கட்கிழமை அறை காலியா என்று பார்த்தாலே தெரியும். இரண்டுமுறை விழுங்கும் ஆபத்தும் குறைவு. ஆனால் வாரந்தோறும் பிழையின்றி நிரப்ப ஆள் வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை இதில் போடக்கூடாது. அதன் சொந்தப் புட்டியிலேயே இருக்கட்டும்.

பலன்: நாள்பட்ட நோயாளிகளிடம் நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, குறுஞ்செய்தி பெற்றவர்கள் மருந்தை ஒழுங்காக எடுப்பது கூடியதாகச் சொன்னது. பெரும்பாலும் குறுகிய கால ஆய்வுகள். நோயாளிகளே சொன்ன கணக்கு. எனக்கு அரை நம்பிக்கைதான்.

காரைக்குடியில் கடை நடத்தும், கைப்பேசியைக் கீழே வைக்காத ஐம்பது வயதுக்காரருக்குக் குறுஞ்செய்தி போதும். அப்பத்தாவுக்குப் பெட்டிதான். செய்தியை என் எண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். வந்ததும் அவரை அழைத்துக் கேட்கிறேன்.