திருவருகைக்கால வளையம்: 25 மாலைகள் ஏற்றிப் பார்த்த பிறகு

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஏறத்தாழ நான்கு வாரக் காத்திருப்பே திருவருகைக் காலம்; அதில் ஞாயிறுதோறும் ஒரு திரியைக் கூட்டி ஏற்றுவதற்கான இந்தத் திருவருகைக்கால வளையத்தைப் பக்திப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு வளையம், அதில் பற்றவைத்த நான்கு கிண்ணங்கள், மூன்று ஊதாவும் ஒரு ரோஸுமாக நான்கு மெழுகுதிரிகள், பிளாஸ்டிக் தழைச்சரம், அன்றாடச் செபங்கள் அடங்கிய சிறுநூல் ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. 2025 நவம்பர் 30 ஞாயிறு தொடங்கி டிசம்பர் 24 வரை, ஒரு மாலைகூடத் தவறாமல் 20 நிமிடம் ஏற்றிவைத்து, வீட்டில் நாங்கள் மூவரும் அதைச் சுற்றி அமர்ந்து செபித்தோம்.

எங்கள் தெருவில் நவம்பர் பாதியிலேயே வீடுதோறும் ஸ்டார் தொங்கத் தொடங்கிவிடுகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் கேக்கும் வந்துவிடுகிறது. கோவிலுக்குள்ளோ குருவானவர் ஊதா நிறத் திருவுடை அணிகிறார்; பீடத்தில் பூக்கள் குறைகின்றன; ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ பாடப்படுவதில்லை. வானதூதர்களின் அந்தப் பாடல் கிறிஸ்து பிறப்பு இரவில் புதிதாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே நான்கு வாரம் அதை அடக்கிவைக்கிறோம். இந்த அமைதி கோவில் வாசலோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் வரவேண்டும் என்று நான் பல ஆண்டுகளாக விரும்பியிருக்கிறேன். இந்தப் பொருள் அந்த விருப்பத்துக்கு எவ்வளவு துணைநின்றது என்பதைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

வளையத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கனமாக இருப்பதால் மேசையில் அசையாமல் நிற்கிறது. அலங்கார வேலைப்பாடு எதுவும் இல்லாததால் கண் நேரே சுடருக்குப் போகிறது. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த லூத்தரன் இறையியலாளர் யோஹான் ஹின்ரிக் விச்சர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றியதிலிருந்து வந்த வழக்கம் இது. பிற்காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு திரிகள் மட்டும் நிலைத்தன. அந்தச் சக்கரத்தின் எளிமை இந்த இரும்பு வளையத்தில் இன்னும் இருக்கிறது.

முதல் வாரம் மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு திரியை ஏற்றியபோது, நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் சிறுநூலைச் சுடருக்கு அருகே சாய்த்துப் பிடித்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தாள். மூன்றாம் ஞாயிறன்று, ஆண்டவரில் மகிழுங்கள் என்று திருச்சபை அழைக்கும் அந்த நாளில், ரோஸ் திரியும் சேர்ந்து எரிந்தபோது அவளால் நிமிர்ந்து உட்கார்ந்தே வாசிக்க முடிந்தது. ஒளி வளர்வதை இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தைக்கு என்னால் விளக்கியிருக்க முடியாது.

குறை மெழுகுதிரிகளில்தான். நான்கு திரிகளும் ஒரே உயரம். ஒவ்வொன்றும் 8 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் நான்கும் ஒரே அளவு எரிவதில்லை. சென்ற முறை முதல் திரி 25 மாலைகள் எரிய வேண்டியிருந்தது. இரண்டாவது 18, ரோஸ் திரி 11, கடைசித் திரி வெறும் 4. முதல் திரிக்கு மட்டும் 8 மணி 20 நிமிடம் தேவைப்பட்டது. டிசம்பர் 23 இரவு அது கிண்ணத்துக்குள் உருகிக் குளமாகி அணைந்துபோனது. மறுநாள், நான்கும் சேர்ந்து எரிய வேண்டிய கடைசி மாலையில், மின்தடைக்காக வைத்திருந்த வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை அங்கே நிறுத்தினோம். செய்பவர்கள் காலண்டரைப் பார்த்து முதல் திரியைச் சற்று உயரமாக வார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

பிளாஸ்டிக் தழையைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். திரி குறையக் குறையச் சுடர் தழைமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டாம் வாரமே நுனி கருகி நாற்றம் வந்தது. அதை எடுத்துவிட்டு, நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்தும் சவுக்கின் இளங்கொப்புகளை வளையத்துக்கு வெளியே, சுடர் எட்டாத தூரத்தில் சுற்றிவைத்தேன். சவுக்கு காய்ந்தால் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், சனிக்கிழமைதோறும் புதிதாக வெட்டி, தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும்.

சிறுநூலின் செபங்கள் குறுகியவை, நல்ல தமிழில் அமைந்தவை. வாசகங்கள்தான் ஏமாற்றிவிட்டன. புதிய வழிபாட்டு ஆண்டு தொடங்கி, கோவிலில் மத்தேயு நற்செய்தி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, நூலில் முந்தைய ஆண்டுக்குரிய லூக்கா பகுதிகளே இருந்தன. ஞாயிறன்று கேட்ட வார்த்தையை மாலையில் மீண்டும் அசைபோடவே அந்த நூல் தேவைப்பட்டது. அதனால் நூலை மூடிவைத்துவிட்டு, விவிலியத்தைத் திறந்தே வாசித்தோம்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வளையத்தை வாங்கச் சொல்வேன். இரும்பு பல ஆண்டு உழைக்கும். 2026இல் திருவருகைக் காலம் நவம்பர் 29 அன்று தொடங்குவதால் முதல் திரி 26 மாலைகள் எரிய வேண்டும். வாங்கும்போதே ஊதாத் திரி ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.