மாநில நியமனம் வாங்கித் தருகிறேன் என்றார், 18,500 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

நேற்று சாயங்காலம்தான் எல்லாம் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஆஸ்திரேலியா போவதற்கு ஏஜெண்டிடம் காசு கட்ட நினைப்பவர்கள் என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். செம்பனை ஆலையில் டீசல் மெக்கானிக், 14 வருட சர்வீஸ், எஸ்கேஎம் என்கிற மலேசியத் தொழில்திறன் சான்றிதழ், மூன்றாம் நிலை, இருக்கிறது. வயது 38. அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். பிள்ளைகளுக்காவது வேறு வாழ்க்கை அமையட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

வெளிநாட்டு விசா, வேலை, படிப்பு எல்லாம் பார்க்கும் ஓர் ஏஜென்சி அது. கடைவரிசையில் மாடி ஆபீஸ், கீழே டோபிக் கடை. பெயரை இங்கே போடவில்லை. உள்ளே ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு, நல்ல தமிழ். காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் இருந்த மளிகைக் கடை நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் ஆஸ்திரேலிய விசாவுக்கு எனக்கு எத்தனை பாயிண்ட் என்று எழுதினார். வயதுக்கு 25. வேலை அனுபவத்துக்கு 15. சான்றிதழுக்கு 10. கோடு போட்டு 50 என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"தம்பி, குறைஞ்சது 65 வேணும்."

என் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே கீழே இன்னொரு 15 போட்டார். "இதுக்குத்தான் நாங்க இருக்கோம். அங்க ஒரு மாநில அரசாங்கம், இவரு எங்க வட்டாரத்துக்கு வேணும்னு ரீஜனல் நியமனம் கொடுத்தா 15 பாயிண்ட். அதுக்குத்தான் 491 விசா." 65ஐச் சுற்றி வட்டம் போட்டார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கணக்கு சரியான கணக்கு. தேடிப் பார்த்தேன், எல்லா எண்ணும் பொருந்தியது. நம்பிவிட்டேன். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் பொய். "அந்த மாநிலத்துல நம்ம ஆபீசர் இருக்காரு, நமக்குன்னு இடம் ஒதுக்கியிருக்காங்க, மெல்பர்ன்லயே செட்டில் ஆகிடலாம்" என்றார். அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வந்தார். அம்மா சுட்ட வடையைச் சாப்பிட்டுவிட்டு, "உங்க மகனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் பொறுப்பும்மா" என்றார். அம்மா அழுதுவிட்டார்.

முதலில் 3,500 வெள்ளி, ஃபைல் திறக்க. அப்புறம் 9,000, "நியமனம் புக் பண்ண". கடைசியில் 6,000, மாநில அரசுக்குக் கட்டணமாம். மொத்தம் 18,500 வெள்ளி. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கிலிருந்து 8,000, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 6,500, கூட்டு (சீட்டு) பிடித்த காசு 4,000.

பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "ரவுண்ட் இன்னும் திறக்கலை." "ஆபீசர் லீவு." "தீபாவளி முடியட்டும் தம்பி." வாட்சாப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. ஆபீசுக்குப் போனால் அங்கே இருக்கும் பெண், "பாஸ் கேஎல் போயிட்டாரு" என்பாள். ஒருநாள் உள்ளேயிருந்து அவர் இருமுவது கேட்டது. அவளுக்கும் கேட்டது, கணினியைப் பார்த்துக்கொண்டாள்.

ரொம்ப நச்சரித்ததும் ஒரு தாளைக் கொடுத்தார், "இதோ நியமனம்." ஈ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஒரு நீளமான எண். பெர்த்தில் இருக்கும் மாமா மகனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். நேற்று மூன்று மணிக்குக் கூப்பிட்டான். "மச்சான், இது நியமனம் இல்ல. இஓஐ. போக விருப்பம்னு நீங்களே பதிஞ்சு வைக்கிறது. இதுக்குக் காசே கிடையாது."

ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் ஸ்கில்செலக்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாமாம், இரண்டு வருடம் அங்கே இருக்கும். அதிலிருந்து மாநிலங்கள் தங்களுக்கு வேண்டியவர்களைப் பார்த்துக் கூப்பிடும். 65 என்பது வாசல்படி, உள்ளே கூப்பிடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் நியமனத்துக்குக் கட்டணமே வாங்குவதில்லை. அப்படியென்றால் என் 6,000 யாருக்குப் போனது? இன்னொன்று, 491 இருப்பதே வட்டாரப் பகுதிகளில் வாழ்வதற்கு. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் அதில் சேராது. மெல்பர்னில் செட்டில் ஆகலாம் என்று சொன்ன அன்றே அவர் சாயம் வெளுத்திருக்கவேண்டும், எனக்குத்தான் தெரியவில்லை.

தாளின் இரண்டாவது பக்கத்தில் நான் எழுதாத ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எல்லாவற்றிலும் 7 என்று போட்டிருக்கிறது, 65ஐ 75 ஆக்க. தொழில் திறன் மதிப்பீடு முடிந்ததாகவும் ஒரு எண். நான் எதற்கும் விண்ணப்பமே செய்யவில்லை! இந்தப் பொய்யோடு விசா விண்ணப்பம் போயிருந்தால் எனக்கு மூன்று வருடத் தடை விழுந்திருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நேரே போனேன். இந்த முறை இருந்தார். ரசீதைத் திருப்பி அடியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார்: ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது. "படிச்சுட்டுத்தானே சைன் பண்ணீங்க, மிஸ்டர்?" அதுவரை தம்பி, நேற்றிலிருந்து மிஸ்டர். 18,500 வெள்ளிக்கு இதுதான் பதில்.

சரி, எச்சரிக்கை. விவரமாக எழுதத் தெம்பு இல்லை. நியமனத்தை விற்கிறேன் என்பவன் திருடன். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஏஜெண்டுக்கு ஏழு இலக்க எண் இருக்கும், ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் ஓமாரா என்ற ஆஸ்திரேலிய அரசு அமைப்பின் தளத்தில் தேடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம் இல்லை, இவர் அதைத்தான் சாக்காகச் சொன்னார். பிசினஸ் விசா 188 என்று என் நண்பரிடம் 60,000 கேட்டிருக்கிறார், அது 2024 ஜூலையிலேயே மூடியாகிவிட்டது. காசு போடும் முன் வங்கி எண்ணை, மோசடிக் கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். இப்போதுதான் அனுப்பியவர்கள் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அடியுங்கள். எனக்கு அது பிந்திவிட்டது. நாளை போலீஸ் ரிப்போர்ட், அப்புறம் ஈப்போவில் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளி. நாட்காட்டித் தாளையும் எடுத்துப் போகிறேன்.

நேற்று நான் படியிறங்கும்போது ஒரு பையனும் அவன் மனைவியும் ஃபைலோடு ஏறி வந்தார்கள். "காசு கட்டாதீங்க தம்பி" என்றேன். என் கோலத்தைப் பார்த்துக் குடிகாரன் என்று நினைத்திருப்பான், அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து என்னைத் தாண்டி மேலே கூட்டிப்போய்விட்டான். கீழே நின்ற அவர்கள் கார் நீல மைவி, பின்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர். யாருக்காவது தெரிந்த பையனாக இருந்தால் இதை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.