நனைந்த சரக்கு, தராத கூலி: எந்த நீதிமன்றம் போவது?

17-ஆம் நூற்றாண்டு லண்டன். சரக்கு நனைந்து வந்திருக்கிறது. கப்பல் கூலி தர மாட்டேன் என்கிறார் வியாபாரி. புயலுக்கு நான் என்ன செய்ய என்கிறார் கேப்டன். வழக்குக்கு இரண்டு வாசல்கள்: கடல் வழக்குகளுக்கென்றே இருந்த அட்மிரால்டி நீதிமன்றம், இல்லையென்றால் கிங்ஸ் பெஞ்ச் போன்ற, நாட்டின் வழக்கமான சட்டப்படி நடக்கும் பொதுச் சட்ட (common law) நீதிமன்றம்.

அட்மிரால்டியில் கப்பலையே பிடித்து வைக்கலாம். வாரண்டைப் பாய்மரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டால், ஜாமீன் கட்டாமல் கப்பல் நகராது. உரிமையாளர் எந்த ஊர் என்று தேடி அலைய வேண்டாம். சாட்சியமும் எழுத்தில்தான். நாளைக்கே வேறு கப்பல் ஏறிவிடும் மாலுமிகளை நம்பி வழக்கு நடத்த இதைவிட வசதி ஏது?

பொதுச் சட்டத்தில் ஜூரி உண்டு, அதாவது விவகாரம் நடந்த வட்டாரத்து ஆட்களே கூடி முடிவு சொல்லும் குழு. சரி, வெளிநாட்டில் போட்ட ஒப்பந்தத்துக்கு உள்ளூர் ஜூரி எப்படி? அந்த வெளிநாட்டு ஊர் லண்டனின் சீப் வட்டாரத்தில் இருப்பதாக மனுவில் எழுதிவிடுவார்கள்! எதிர்த்தரப்பு அதை மறுக்க முடியாது. பச்சைப் புளுகு, ஆனால் செல்லும்.

அப்புறம் ஏன் எல்லோரும் அட்மிரால்டிக்கே போகவில்லை? 1389, 1391 சட்டங்கள் கரையில் நடந்த விவகாரங்களை அதனிடமிருந்து பறித்திருந்தன. கப்பல் ஒப்பந்தங்களோ பெரும்பாலும் கரையில் எழுதப்பட்டவை. எட்வர்ட் கோக் போன்ற பொதுச் சட்ட நீதிபதிகள் தடையாணை போட்டு வழக்கைப் பாதியில் நிறுத்தினார்கள். அதுவரை செய்த செலவு தண்டம்.

என்னைக் கேட்டால், எதிராளி வெளிநாட்டுக் கப்பல் என்றால் அந்த ஆபத்தோடும் அட்மிரால்டிதான். லண்டன்வாசி என்றால் பொதுச் சட்டம். சம்பள பாக்கியில் மட்டும் கேப்டன் பாவம்: மாலுமிகள் கூட்டாக அட்மிரால்டியில் வழக்குப் போடலாம், அவருக்கு அந்த வழி இல்லை.