எஞ்சினைப் பார்க்காமலே ‘மோட்டார் போயிடுச்சு’ என்பவரிடம் கொடுக்காதீர்கள்

எச்.ஓ அளவு, அதாவது 1:87 மாடல் ரயில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூரியரில் எஞ்சினை வாங்கிப் பழுதுபார்த்து அனுப்புகிற ஒருவரிடம் 4,500 ரூபாயை விட்டேன். பெயர் வேண்டாம், அவர் பார்த்த வேலையைச் சொல்கிறேன்.

என் டீசல் எஞ்சின், கன்ட்ரோலரை முழுக்கத் திருப்பினாலும் உறுமிக்கொண்டே நின்றது. லேசாகத் தள்ளினால் ‘டக் டக்’ என்று குதித்துக் குதித்துக் கொஞ்ச தூரம் போகும். போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள், “மோட்டார் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்” என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே. அப்புறம், “பார்ட்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும் சார்” என்றே மாதக்கணக்கில் ஓட்டினார்.

ஒருவழியாக வந்த எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன். ஓடத்தான் செய்தது, ஆனால் ‘டக் டக்’ போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. அணைத்துவிட்டு மேல்கூட்டைக் கழற்றினால், உள்ளே எண்ணெய் சொட்டுகிறது. துரு நீக்கும் ஸ்ப்ரேயை அள்ளி அடித்திருக்கிறார். எந்த முனை எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக மோட்டார் மேல் நான் முன்பே ஊசியால் கீறி வைத்திருந்த கூட்டல் குறி அப்படியே இருந்தது. புது மோட்டாராம்!

மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் உரசுகிற செம்பு வளையம், கம்யூட்டேட்டர், துண்டு துண்டாக இருக்கும். நடுவில் மயிரிழை இடைவெளிதான். கார்பன் தூள் எண்ணெயில் குழைந்து அங்கே அப்பிக்கொண்டால் துண்டுக்குத் துண்டு கரண்ட் தாவும், மோட்டார் சூடாகும், போகப்போகச் சுருளே கருகிவிடும். ஒழுங்காக இருந்த மோட்டாரைக் கொல்லப் பார்த்திருக்கிறார் மனிதர்.

மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றினேன். கம்யூட்டேட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இடைவெளிகளைப் பல்குச்சியால் சுரண்டிவிட்டு, மோட்டாருக்கு மட்டும் 12 வோல்ட் டிசி வரை மெல்ல ஏற்றினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. அப்போ கோளாறு கீழே. சக்கர அச்சின் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றில், நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற விரிசல். அங்கே இரண்டு பற்களுக்கிடையே அகன்றுவிட்டதால், சுற்றுக்கு ஒரு தடவை அடுத்த பல்சக்கரம் வந்து சிக்குகிறது. அந்த ஒரு பல்சக்கரத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. அவர் வாங்கிய தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மோட்டார் மேல் இருந்த என் கூட்டல் குறியைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். “காரண்டி கிடையாதுன்னு முதல்லயே சொன்னேனே” என்று பதில், அதோடு பிளாக். பணம் வரவில்லை.

யாரிடம் கொடுத்தாலும், ஷாஃப்ட் இல்லாமல் மோட்டார் தனியாக ஓடுவதையோ ஓடாததையோ வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்றினால் பழையது கைக்கு வரவேண்டும். அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம் உள்ள பழைய எஞ்சின் என்றால் இன்னும் உஷார்: காந்தத்தை வெளியே எடுக்கும்போது முனைகளை இணைக்க இரும்புத் துண்டு வைக்காவிட்டால் காந்த சக்தி குறைந்துவிடும். ஸ்ப்ரே அடிக்கிறவர் இதையெல்லாம் பார்ப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.