எஃபிஷியன்சி 40லிருந்து 63 ஆச்சு, பீஸ் மட்டும் ஏறவில்லை: பனியன் யூனிட்காரர்கள் கவனத்துக்கு

திருப்பூரில் டி-ஷர்ட் லைன் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. "90 நாளில் எஃபிஷியன்சி 60ஐத் தாண்டும், தாண்டினால் மீதித் தொகை கொடுங்கள்" என்று ஒரு கன்சல்டன்சி ஒப்பந்தம் போட்டது. 63.7 சதவீதம் காட்டியது, மீதித் தொகையும் வாங்கிக்கொண்டு போனது. ஷிஃப்டுக்கு 720 பீஸ் வந்த லைனில் இப்போது வருவது 730. கம்பெனி பெயர் வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

லைனில் 30 டெய்லர், 480 நிமிடம்: மொத்தம் 14,400 நிமிடம். பீஸுக்கு ஸாம் (SAM, ஒரு பீஸ் தைக்க ஆகவேண்டிய நிர்ணய நேரம்) 8 நிமிடம். 720ஐ 8ஆல் பெருக்கினால் 5,760. அதை 14,400ஆல் வகுத்தால் 40 சதவீதம், அதுதான் எஃபிஷியன்சி. இதில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். பீஸைத் தொடாமல் இரண்டையும் அசைக்கலாம், அதைத்தான் செய்தார்கள்.

முதலில் ஸாம். "உங்கள் ஸாம் பழசு, புதிதாக டைம் ஸ்டடி எடுக்கணும்" என்றார்கள். தோள்பட்டையை இணைத்துத் தைக்கிற ஷோல்டர் ஜாயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்வாட்சில் 24 விநாடி, அதாவது 0.40 நிமிடம். டெய்லர் கொஞ்சம் மெதுவாகத் தைத்தால் ரேட்டிங் (வேகத்துக்குப் போடும் மார்க்) 85 சதவீதம், அதன்மேல் அலவன்ஸ் (ஓய்வு, சின்னத் தடங்கலுக்கான கூடுதல் நேரம்) 15 சதவீதம் போட்டால் 0.39 வரும். அவர்கள் ஷீட்டில் ரேட்டிங் 110, அலவன்ஸ் 35. அதே 24 விநாடி 0.59 ஆகிவிட்டது. எல்லா ஆபரேஷனிலும் இவ்வளவு ஏற்றவில்லை, அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம்தான். கூட்டிப் பார்த்தால் 8 என்பது 11. ஷீட்டில் ரேட்டிங் எழுதுகிற கட்டத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்தது கீழே இருக்கிற எண். கரண்ட் போனது, லேபிள் வரவில்லை, ஸ்டைல் மாற்றம் என்று ஆளுக்கு 60 நிமிடத்தை 'லாஸ்ட் டைம்' என்று கழித்தார்கள். 14,400 இப்போது 12,600. 730 பீஸை 11ஆல் பெருக்கி 12,600ஆல் வகுங்கள்: 63.7. பழைய முறையில் போட்டால் 40.6தான். அந்த 60 நிமிடத்துக்கும் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. குறைத்துக் காட்ட வேண்டியதே அந்த நேரத்தைத்தான். அவர்கள் அதைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள்!

கடைசி வாரம் இன்னொரு வேலை நடந்தது. லைனின் பின்பாதியில், பேட்லாக்குக்கும் (விளிம்பு மடித்துத் தைக்கிற ஃபிளாட்லாக் மெஷின்) செக்கிங்குக்கும் நடுவில், 600 பீஸ் பண்டில் பண்டிலாகக் கிடந்தது. புதிதாக உள்ளே விடுவதைக் குறைத்துவிட்டு அதைத் தள்ளினார்கள். ஆறு நாளைக்கு தினம் 100 பீஸ் அதிகம் வந்த மாதிரி போர்டில் தெரிந்தது. திங்கட்கிழமை லைன் காலி. அளக்கிற வாரத்தின் முதல் நாள் காலையும் கடைசி நாள் மாலையும் லைனுக்குள் கிடக்கிற பீஸை எண்ணி எழுதி வைத்தால் இது பலிக்காது.

மெஷின் வேகத்தையும் ஏற்றிவிட்டார்கள். ஷோல்டரில் அந்த 24 விநாடியில் ஊசி ஓடுவது நாலைந்து விநாடிதான். மீதி நேரம் பீஸை எடுப்பது, பொருத்துவது, நூல் வெட்டுவது, ஒதுக்குவது. ஓவர்லாக் மெஷினை (ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைப்பது) நிமிடத்துக்கு 5,000 தையலிலிருந்து 6,500க்கு ஏற்றினால் ஒரு விநாடி மிஞ்சும். பதிலுக்கு ஊசி சூடேறி சிங்கிள் ஜெர்சியில் (மெல்லிய டி-ஷர்ட் துணி) பின்னல் லூப் அறுந்தது. செக்கிங் டேபிளில் கண்ணில் படாத ஊசி ஓட்டை, துவைத்து இழுத்துப் பார்த்தால் வரிசையாகத் தெரியும்.

லைன் ஏன் 720, 730லேயே நிற்கிறது என்பதற்குப் பெரிய ஸ்டடி தேவையில்லை. நெக் ரிப் (கழுத்துப் பட்டை) பிடிக்கிற இடத்தில் இரண்டு ஓவர்லாக், ஒவ்வொன்றும் மணிக்கு சுமார் 45 பீஸ். 90ஐ எட்டால் பெருக்கினால் 720. மற்ற 28 டெய்லர் பறந்து பறந்து தைத்தாலும் அவ்வளவுதான். அங்கே டெய்லர் ரிப்பை நாலாக மடித்து, கண்ணளவில் பாடியோடு பொருத்தி இழுத்துத் தைக்கிறார். ரிப் நீளம் கட்டிங்கிலேயே கூடக் குறைய வந்தால் கழுத்து முறுக்கும், பிரித்துத் தைக்கணும். கைமடி ஆள் (டெய்லருக்கு எடுத்துக் கொடுக்கிற உதவியாள்) ஒருவர் ரிப்பில் நாலு குறி வைத்து, பாடியில் ஷோல்டர், நடு முன், நடு பின் பார்த்து அடுக்கிக் கொடுத்தாலே வேகம் ஏறும். மூன்றாவது ஓவர்லாக் போட்டால் மணிக்கு 135. அப்போது பின்கழுத்தில் பட்டி தைக்கிற பேக் நெக் டேப் இடத்தில் வேலை தேங்கும், அடுத்து அங்கே போகணும். வேலை தெரிந்த கன்சல்டன்ட் முதல் நாளே இந்த இடத்தில் வந்து நிற்பார். இவர்கள் முதல் நாள் கேட்டது டிவி போர்டு மாட்ட இடம்.

ஒப்பந்தத்தில் 'எஃபிஷியன்சி' என்ற சொல்லே வேண்டாம். செக்கிங் பாஸான பீஸ், 8 மணி நேரத்துக்கு, ஆளுக்கு எத்தனை என்று எழுதுங்கள். டெய்லர் 30, கைமடி 8, செக்கிங் 4 எல்லோரையும் சேர்த்து 42 பேர். 720க்கு ஆளுக்கு 17.1 பீஸ். கைமடி ஆட்களை அடுத்த லைனுக்கு மாற்றிக் காட்டும் வித்தையும் இதில் எடுபடாது. ஒப்பிடுவது ஒரே ஸ்டைல், அதுவும் ஓடிய நாட்கள் சமமாக இருக்கணும்; புது ஸ்டைலின் முதல் வாரத்தை 'முன்பு' என்றும் மூன்றாவது வாரத்தை 'பின்பு' என்றும் வைத்தால் யாரும் தொடாமலே ஏறியிருக்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உடனே காஸ்டிங் ஷீட்டை (பீஸ் விலைக் கணக்கு) திறந்து பாருங்கள். மெர்ச்சண்டைசர் (பையரோடு ஆர்டர் பேசுகிறவர்) பழைய ஸாம் 8ஐயும் புது எஃபிஷியன்சி 63.7ஐயும் சேர்த்துப் போட்டால் பீஸுக்கு 12.6 டெய்லர் நிமிடம் என்று வரும். உண்மையில் ஆவது 19.7. நிமிடத்துக்கு 2 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பீஸில் 14 ரூபாய் கைநஷ்டம், 10,000 பீஸ் ஆர்டரில் 1.4 லட்சம். பையருக்கு அடுத்த கொட்டேஷன் போவதற்குள் அந்த 63.7ஐ எடுத்துவிட்டு 40.6 போடச் சொல்லுங்கள்.