எபிமெரல் ஓஎஸ் டிஸ்க்: நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில்

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூரில் விர்ச்சுவல் மெஷினின் ஓஎஸ் டிஸ்க் வழக்கமாகத் தொலைவிலுள்ள ஸ்டோரேஜில் இருக்கும். அதையே மெஷின் ஓடும் ஹோஸ்ட்டின் (நிஜ சர்வரின்) உள்ளூர் எஸ்எஸ்டியில் வைத்தால் அதுதான் எபிமெரல் ஓஎஸ் டிஸ்க். டிஸ்க்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பதால் பலரும் காசு மிச்சம் என்றுதான் இதைத் தொடுகிறார்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸின் நோடுகளிலும் (கன்டெய்னர்கள் ஓடும் மெஷின்கள்), பில்டு ஏஜெண்டுகளிலும் (மென்பொருளை பில்டு செய்யும் மெஷின்கள்) நெடுநாளாக ஓட்டிவரும் எனக்கு அந்த மிச்சம் இரண்டாம்பட்சம்தான்.

நோடுகளில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. 128 ஜிபி பிரீமியம் டிஸ்க்கின் அடிப்படை வேகம் 500 ஐஓபிஎஸ்தான், அதாவது நொடிக்கு 500 படிப்பு-எழுத்து. ஒரே நேரத்தில் பல பாட்கள் (கன்டெய்னர் தொகுதிகள்) எழும்போது, கன்டெய்னர் இமேஜை இறக்குவது, லாக் எழுதுவது எல்லாமே அந்த ஒரு டிஸ்க்கின் தலையில் விழும். சிபியு சும்மா கிடக்கும், டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ஐஓ வெயிட் மட்டும் ஏறிக்கொண்டே போகும், பாட் 'கன்டெய்னர் கிரியேட்டிங்'கிலேயே நிற்கும். உள்ளூர் டிஸ்க்குக்கு மாறியதும் இந்த இழுபறி ஓய்ந்தது. பில்டு ஏஜெண்டுகளில் ஆதாயம் வேறு: ரீஇமேஜ் (ஓஎஸ்ஸை மூலநிலைக்குத் திருப்புவது) சட்டென்று முடிகிறது, பழைய பில்டின் குப்பை அடுத்ததில் ஒட்டுவதில்லை.

சரி, இதற்காக எதை இழக்கிறோம்? மெஷினை நிறுத்தி டீஅலொகேட் செய்ய, அதாவது கம்ப்யூட் கட்டணம் ஓடாதபடி விடுவிக்க, முடியாது. இரவில் அணைத்துக் காலையில் எழுப்பும் மெஷின்களுக்கு இது ஒத்துவராது. டிஸ்க் காசில் மிச்சம் பிடித்ததைவிட இரவு முழுக்க ஓடும் கம்ப்யூட் காசு அதிகமாகிவிடும். ஸ்கேல் செட் (ஒரே மாதிரி மெஷின்களின் தொகுப்பு) என்றால் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம், தனி மெஷினில் அந்த வழியும் இல்லை. ஸ்நாப்ஷாட், பேக்கப், டிஸ்க் மாற்றுவது எதுவும் கிடையாது.

ரீபூட் செய்தால் டேட்டா போகாது. அது தரும் தைரியத்தில் ஏமாந்துவிடக் கூடாது: ஹோஸ்ட் பழுதாகி மெஷின் வேறிடம் போனால் ஓஎஸ் புத்தம் புதிதாகத்தான் எழும். ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டிய லாகும் அதோடு போயிருக்கும். அதனால் லாகை உடனுக்குடன் வெளியே அனுப்பும் ஏற்பாடு இல்லாமல் நான் இதை இயக்குவதே இல்லை.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான விண்டோஸ் சர்வர் இமேஜ் சுமார் 127 ஜிபி. டிஎஸ்2 வி2 வகை மெஷினில் எபிமெரல் டிஸ்க் உட்காரும் இடமான கேஷ் 86 ஜிபிதான், அதில் கொள்ளாது. சிறிய டிஸ்க் இமேஜ் எடுக்கலாம், அல்லது பெரிய மெஷினுக்குப் போக வேண்டும். வெறும் டிஸ்க் காசுக்காகப் பெரிய மெஷின் வாங்குவதாக இருந்தால், தொலைவிலுள்ள வழக்கமான மேனேஜ்டு டிஸ்க்கே போதும்.